288 கிளௌக்கே: 1,170 மணி நேரச் சுழற்சி என்ற எண்ணைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையில், சூரியனிலிருந்து சராசரியாக 2.76 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவில், ஏறத்தாழ 32 கிலோமீட்டர் விட்டமுள்ள 288 கிளௌக்கே என்ற சிறுகோள் வலம்வருகிறது. சூரியனை ஒருமுறை சுற்ற அது 4 ஆண்டு 7 மாதம் எடுத்துக்கொள்கிறது. பாதையின் மையவிலகல், அதாவது அது வட்டத்திலிருந்து விலகும் அளவு, சுமார் 0.2, புவியின் பாதைத் தளத்தோடு அதன் சாய்வு 4 பாகையை ஒட்டியது. இதைப் போன்ற பாதையில் செல்லும் பொருட்கள் பட்டையில் ஏராளமாக இருப்பதால், பாதையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வுக்குரியது அதன் தற்சுழற்சி. இந்த அளவுள்ள சிறுகோள்கள் பெரும்பாலும் 5 மணியிலிருந்து 15 மணிக்குள் தம்மைத் தாமே ஒருமுறை சுற்றிவிடுகின்றன. கிளௌக்கேவுக்கு இன்றைய அட்டவணைகள் தரும் காலம் 1,170 மணி, அதாவது ஏறத்தாழ 49 நாள்.

நடுக்கோட்டில் உள்ள ஒரு புள்ளி மணிக்கு 86 மீட்டர் அளவே நகர்கிறது என்பது இதன் பொருள். புதன் ஒருமுறை சுழல 58.6 நாளும் வெள்ளி 243 நாளும் எடுத்துக்கொள்வதை எண்ணினால் 49 நாள் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் அந்த இரண்டு கோள்களும் சூரியனுக்கு அருகில் இருப்பவை. சூரியனின் ஓத விசை (ஒரு பொருளின் அருகுப்பக்கத்தையும் தொலைப்பக்கத்தையும் ஈர்ப்பு வேறுவேறு அளவில் இழுப்பதால் வருவது) அவற்றின் சுழற்சியை ஆண்டிருக்கிறது. 2.76 வானியல் அலகு தொலைவில், 32 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கல்லின் மீது சூரியனின் ஓத விசை பொருட்படுத்தத் தக்கதே அல்ல. எனவே கிளௌக்கேவின் மந்தமான சுழற்சிக்கு வேறு காரணம் வேண்டும். அதைத் தேடும்முன், 1,170 என்ற எண் எப்படிக் கிடைத்தது, அது உண்மையில் எதை அளக்கிறது என்று பார்ப்பது நல்லது. பூமியின் 24 மணியை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில் இந்த எண்ணைப் புரிந்துகொண்டால் தவறான கேள்வியைத்தான் கேட்போம் என்பது என் கருத்து.

கண்டுபிடிப்பும் கல்லின் தன்மையும்

கிளௌக்கேவை 1890 பிப்ரவரி 20 அன்று ராபர்ட் லூதர் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரை அடுத்த பில்க் வானாய்வகத்தில் கண்டறிந்தார். 1852-இல் 17 தெட்டிஸ் என்ற சிறுகோளில் தொடங்கிய அவருடைய 24 கண்டுபிடிப்புகளில் இதுவே கடைசி. விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, படத்தில் இல்லாத ஒன்று அடுத்த இரவு நகர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் முறை அது. 1891-இன் இறுதியில் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வொல்ஃப் ஒளிப்படத் தகட்டைக் கொண்டு 323 புரூசியாவைப் பிடித்ததோடு அந்த முறையின் காலம் முடியத் தொடங்கியது. அக்கால வழக்கப்படி கிரேக்கப் புராணத்திலிருந்து, கொரிந்து அரசன் கிரியோனின் மகள் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. அதன்பின் 90 ஆண்டுகளுக்கு மேலாக, பாதைக் கணக்கு அட்டவணையில் ஒரு வரியாக இருந்ததைத் தவிர இச்சிறுகோள் யாருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை.

நிறமாலையின்படி இது எஸ் வகை, அதாவது சிலிகேட் கனிமங்கள் நிறைந்த கல்வகைச் சிறுகோள். தன்மேல் விழும் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இது திருப்பி அனுப்புகிறது. பட்டையின் வெளிப்பகுதியில் மிகுதியாக உள்ள கரிவகைச் சிறுகோள்களோடு ஒப்பிட்டால் நல்ல வெளிச்சமான பரப்பு. எஸ் வகைக்கும் பூமியில் விழும் சாதாரணக் காண்ட்ரைட் விண்கற்களுக்கும் உள்ள உறவு நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா சிறுகோளிலிருந்து 2010-இல் கொண்டுவந்த துகள்கள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆகவே கிளௌக்கே எத்தகைய பொருளால் ஆனது என்பதில் பெரிய புதிர் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. கலிலியோ விண்கலம் 1993 ஆகஸ்டு 28 அன்று அருகே சென்று படமெடுத்த 243 ஐடாவும் எஸ் வகைதான். அதன் சராசரி விட்டம் 31 கிலோமீட்டர் அளவு. சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 2.86 வானியல் அலகு. அதுவும் நீண்ட உருவம் கொண்டது. கல், அளவு, இடம், நீள்வடிவம் ஆகிய நான்கிலும் கிளௌக்கேவை ஒத்திருக்கும் ஐடா, 4.63 மணிக்கு ஒருமுறை சுழல்கிறது. கிளௌக்கே ஒருமுறை சுழல்வதற்குள் ஐடா ஏறத்தாழ 250 முறை சுழன்றுவிடும். இந்த வேறுபாட்டைக் கல்லின் தன்மையாலோ அளவாலோ விளக்க முடியாது. அவற்றின் வரலாற்றில்தான் காரணத்தைத் தேடவேண்டும்.

தட்டையாகத் தெரியும் ஓர் இரவு

சிறுகோள் தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகவே தெரிகிறது. நீள்வடிவமுள்ள பொருள் சுழலும்போது அதன் அகலப் பக்கமும் குறுகிய முனையும் மாறிமாறி நம்மை நோக்கும்; ஒரு சுழற்சியில் ஒளி இருமுறை கூடி இருமுறை குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைவு. கிளௌக்கேவில் இந்த ஏற்ற இறக்கம் 0.9 பொலிவெண் (விண்பொருளின் ஒளியை அளக்கும் அலகு) வரை போகிறது. இன்றும் வழக்கிலுள்ள பொலிவெண் அளவுகோலின்படி (1856-இல் இதை முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்துக்குத் தலைமை வகித்தவர்) 0.9 என்பது உச்ச ஒளி குறைந்தபட்ச ஒளியைப் போல் 2.3 மடங்கு என்பதற்குச் சமம். அப்படியென்றால் ஒருபக்கம் மறுபக்கத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் நீளமாக இருக்கவேண்டும். இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சிறிய தொலைநோக்கியும் எளிதில் காட்டிவிடும். மாற்றம் நடக்கும் வேகம்தான் அளப்பவரைத் தோற்கடிக்கிறது.

ஐடாவில் உச்சத்திலிருந்து தாழ்வுக்கு வர 70 நிமிடம் போதும். இரவு உணவை முடித்துவிட்டு அளக்கத் தொடங்கினால் விடிவதற்குள் முழு வளைவும் கையில் இருக்கும். கிளௌக்கேவில் உச்சத்திலிருந்து தாழ்வுக்கு வர 12 நாள் ஆகிறது. எட்டு மணிநேரம் இமைக்காமல் அளந்தாலும் ஒளி சராசரியாக 0.025 பொலிவெண் அளவே மாறியிருக்கும். அளவீட்டின் பிழையே 0.01 முதல் 0.02 வரை இருக்கும்போது, அந்த இரவின் வரைபடம் தட்டையான ஒரு கோடு. அப்படியொரு கோட்டைப் பார்த்த பலரும் "மாற்றமில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த சிறுகோளுக்குப் போயிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மந்தமாகச் சுழலும் சிறுகோள்கள் அரியவை என்று நெடுங்காலம் கருதப்பட்டதில் இந்தப் பழக்கத்துக்குக் கணிசமான பங்கு உண்டு.

ஒரு மாதம் தொடர்ந்து அளப்பது என்று முடிவெடுத்தவருக்கும் வேலை எளிதல்ல. சிறுகோள் இரவுக்கு இரவு விண்மீன்களுக்கிடையே நகர்வதால், நேற்று ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட விண்மீன்கள் இன்று காட்சியில் இருக்காது. எல்லா ஒப்பீட்டு விண்மீன்களின் பொலிவெண்ணும் ஒரே அளவுகோலில் துல்லியமாகத் தெரிந்திருந்தால்தான் முதல் நாள் அளவையும் 20-ஆம் நாள் அளவையும் ஒரே வரைபடத்தில் வைக்கமுடியும். விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் பட்டியல் இருப்பதால் இன்று இது எளிது; 1980-களில் ஒவ்வொரு இரவும் தரநிலை விண்மீன்களைத் தனியே அளந்து திருத்தம் செய்யவேண்டியிருந்தது. அடுத்து, சூரியன்–சிறுகோள்–பூமி கோணம் நாளுக்கு நாள் மாறுகிறது; ஒரு பாகை மாறினால் ஒளி 0.03 முதல் 0.04 பொலிவெண் மாறும். மூன்று வாரத்தில் கோணம் 10 பாகை மாறினால் அதனால் மட்டுமே 0.3 பொலிவெண்ணுக்கு மேல் ஒளி மாறிவிடும். இது நாம் அளக்க விரும்பும் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. இவையெல்லாம் போதாதென்று நிலவும் குறுக்கிடுகிறது. கிளௌக்கேவின் பாதை புவியின் தளத்தை ஒட்டியது என்பதால், அது சூரியனுக்கு எதிர்நிலையில் நன்றாகத் தெரியும் காலத்தில் முழுநிலவு ஏறத்தாழ அதன் மேலேயே வந்து நிற்கிறது. மாதந்தோறும் சில இரவுகள் வீணாகும். ஒளிவளைவின் அரைச் சுழற்சி 24 நாள். நிலவின் சுழல் 29.5 நாள். இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பது, எந்த ஏற்ற இறக்கம் உண்மையானது, எது இடைவெளியால் வந்த போலி என்று பிரிப்பதைக் கடினமாக்குகிறது.

இந்த இடர்களையெல்லாம் தாண்டி, கலிபோர்னியாவில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் ஹாரிஸ் 1980-களின் தொடக்கத்தில் கிளௌக்கேவைத் தொடர்ந்து அளந்து, அதன் சுழற்சி மணிக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் நடக்கிறது என்று 1983-இல் அறிவித்தார். (சிறுகோள் இயலில் ஆலன் ஹாரிஸ் என்ற பெயரில் இருவர் உண்டு: ஒருவர் இந்த அமெரிக்கர், மற்றவர் பெர்லினில் வெப்ப அளவீடுகளில் ஈடுபட்ட பிரிட்டானியர். இருவரும் நடு எழுத்து உட்பட ஒரே பெயரில் கட்டுரை எழுதியதால் வந்த குழப்பங்கள் கொஞ்சமல்ல.) அப்போது அறியப்பட்ட சிறுகோள்களிலேயே மிக மந்தமானது இதுதான். பிற்பாடு அட்டவணைகளில் நெடுங்காலம் 1,200 மணி என்ற முழுமைப்படுத்திய எண் இருந்தது. இன்றைய 1,170, பிந்தைய அளவீடுகளிலிருந்து வந்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட சுழற்சி

ஒரு பொருள் தன் மிகக் குறுகிய அச்சைச் சுற்றி மட்டும் சுழன்றால் ஒளிவளைவு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும். கிளௌக்கேவில் அப்படி வருவதில்லை. செக் நாட்டின் ஒண்ட்ரேயவ் வானாய்வகத்தைச் சேர்ந்த பெட்ர் ப்ரவெட்ஸ் தலைமையிலான குழு 2005-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், கிளௌக்கேவும் அதே போன்ற மந்தச் சுழற்சியுடைய 253 மெட்டில்டாவும் 1220 குரோக்கஸும் தடுமாறும் சுழற்சியில் இருப்பதாகக் காட்டியது. தடுமாறும் சுழற்சி என்பது, விழப்போகும் பம்பரத்தின் ஆட்டத்தைப் போல, பொருள் தன் அச்சைச் சுற்றிக்கொண்டே அந்த அச்சும் வேறொரு திசையைச் சுற்றி அலைவது. பம்பரத்தைத் தடுமாறச் செய்வது தரையும் புவியீர்ப்பும். சிறுகோளுக்கு வெளியிலிருந்து எந்த விசையும் தேவையில்லை. குறுகிய அச்சிலிருந்து விலகிய சுழற்சி ஒன்று இருந்தாலே போதும், அது தானாகவே இரண்டு காலங்களில் அலையும். 1992-இல் ரேடார் வழியே பார்க்கப்பட்ட தவுட்டாட்டிஸ் சிறுகோள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு: நீண்ட அச்சைச் சுற்றி 5.4 நாள், அந்த அச்சே அலைந்து வர 7.3 நாள்.

இதனால் 1,170 மணி என்ற எண்ணின் பொருள் மாறுகிறது. அது ஒளிவளைவில் மேலோங்கித் தெரியும் ஒரு கால அளவு. கிளௌக்கேவின் ஒரு "நாள்" அல்ல. அதன் மேல் நிற்கும் ஒருவருக்குச் சூரியன் ஒழுங்காக ஒரு திசையில் உதித்து மறு திசையில் மறையாது. அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரே எண்ணை எழுதியாகவேண்டும் என்ற கட்டாயத்தால்தான் அந்த எண் அங்கே நிற்கிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அதன் மூன்றாம் இலக்கத்தை நம்பிக் கணக்குப் போடுவது வீண்.

தடுமாற்றம் ஏன் நிற்கவில்லை? தடுமாறும் பொருளின் உட்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்கிறது. அந்த நெகிழ்வில் ஆற்றல் வெப்பமாக வீணாகி, நாளடைவில் பொருள் தன் குறுகிய அச்சைச் சுற்றிய அமைதியான சுழற்சிக்கு வந்துவிடவேண்டும். ஜோசப் பர்ன்ஸும் விக்டர் சஃப்ரனோவும் 1973-இல் இதற்கான கோட்பாட்டைத் தந்தனர். 1994-இல் ஹாரிஸ் அதை எளிய வாய்ப்பாடாக்கினார்: தடுமாற்றம் அடங்கத் தேவையான காலம் சுழற்சிக் காலத்தின் முப்படிக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கிளௌக்கேவின் எண்களை அதில் இட்டால் ஏறத்தாழ 30,000 கோடி ஆண்டு கிடைக்கிறது. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. 10 மணிக்கு ஒருமுறை சுழலும் இதே அளவுள்ள பொருளுக்கோ இரண்டு லட்சம் ஆண்டே போதும். மந்தமும் தடுமாற்றமும் சேர்ந்தே காணப்படுவது தற்செயல் அல்ல என்பது இந்த முப்படி விதியிலிருந்தே தெரிகிறது: இவ்வளவு மெதுவாகச் சுழலும் பொருளுக்கு ஒருமுறை தடுமாற்றம் வந்துவிட்டால், அதைச் சரிசெய்துகொள்ள அதனிடம் வழியே இல்லை.

வேகத்தைக் குறைத்தது எது

மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் முதலாவதை விரைவில் ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பூமியின் சுழற்சியை நிலவு மெல்லமெல்லக் குறைப்பதைப் போல, ஒரு துணைக்கோள் கிளௌக்கேவின் சுழற்சியை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அது. சிறுகோள்களுக்குத் துணை இருப்பது புதிதல்ல. ஐடாவுக்கு டாக்டைல் உண்டு. இதே லூதர் 1866-இல் கண்டறிந்த 90 ஆன்டியோப்பி, 2000-இல் கெக் தொலைநோக்கியால் பார்த்தபோது ஏறத்தாழ சம அளவுள்ள இரட்டையாகத் தெரிந்தது. ஆனால் கிளௌக்கே ஒரு துணையோடு இசைந்து 1,170 மணிக்கு வரவேண்டுமானால், சாதாரணப் பாறையின் அடர்த்தியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்தத் துணை 1,100 கிலோமீட்டர் தொலைவில், அதாவது கிளௌக்கேவின் ஆரத்தைப் போல் 70 மடங்கு தள்ளி இருக்கவேண்டும். ஓதத் திருப்பம் தொலைவின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் விழுவதால், அவ்வளவு தூரத்துக்குத் துணையை ஓத விசை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்காது. மெட்டில்டாவுக்கும் இதே விளக்கம் சொல்லப்பட்டது. 1997 ஜூன் 27 அன்று நியர் விண்கலம் அதன் அருகே சென்று தேடியும் துணை எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது விளக்கம் சூரிய ஒளி. ஒழுங்கற்ற வடிவமுள்ள பொருள் வெயிலை வாங்கி வெப்பமாக வெளியிடும்போது, வெளியேறும் கதிர்கள் எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளுவதில்லை. மிகச் சிறிய ஒரு திருப்பம் மிஞ்சுகிறது. இவான் யார்க்கோவ்ஸ்கி, ஓ'கீஃப், ராட்சியெவ்ஸ்கி, பேடாக் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு யார்ப் விளைவு என்று 2000-இல் டேவிட் ரூபின்கம் பெயரிட்டார். 2007-இல் பூமிக்கு அருகே வரும் சிறிய சிறுகோள்களில் இது நேரடியாக அளக்கப்பட்டது. விளைவின் வலு விட்டத்தின் இருபடிக்கும் சூரியத் தொலைவின் இருபடிக்கும் எதிர்விகிதத்தில் குறைவதால், 32 கிலோமீட்டர் கல்லுக்கு இது பொருந்தாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஐடா உறுப்பாக உள்ள கொரோனிஸ் குடும்பம் (ஒரே பெரிய பொருள் உடைந்து உண்டான சிறுகோள் கூட்டம்) வேறு சான்று தருகிறது. அக்குடும்பத்தில் 20 முதல் 40 கிலோமீட்டர் வரையுள்ள சிறுகோள்களின் அச்சுகள் இரண்டு குறிப்பிட்ட திசைகளைச் சுற்றிக் குவிந்திருப்பதை ஸ்டீபன் ஸ்லைவன் 2002-இல் காட்டினார். டேவிட் வொக்ரௌலிட்ஸ்கியும் இணை ஆய்வாளர்களும் அடுத்த ஆண்டே, 200 முதல் 300 கோடி ஆண்டு நீடித்த யார்ப் திருப்பம் அந்தக் குவியலை உண்டாக்கும் என்று விளக்கினார்கள். அதே குடும்பத்தில் எதிர்த்திசையில் சுழல்பவற்றுள் சில 5 மணிக்குக் குறைவாகவும் சில 13 மணிக்கு அதிகமாகவும் சுழல்கின்றன. ஆகவே இந்த அளவுள்ள கல்லின் சுழற்சியையும் சூரிய ஒளி மாற்றமுடியும். அதற்குச் சூரியக் குடும்பத்தின் வயதில் பாதி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, மோதல். இங்கே ஒரு கணக்கு பயனுள்ளது. பட்டையில் பொருட்கள் மோதிக்கொள்ளும் வேகம் நொடிக்கு சுமார் 5 கிலோமீட்டர். கிளௌக்கேவின் இன்றைய கோண உந்தம் (எடை, அளவு, வேகம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு) முழுவதற்கும் சமமான கோண உந்தத்தை, விளிம்பை உரசி மோதும் 400 மீட்டர் அளவுள்ள ஒரே ஒரு பாறை கொண்டுவந்துவிடும். 10 மணிக்கு ஒருமுறை சுழலும் பொருளுக்கு அதே பாதிப்பை உண்டாக்க 2 கிலோமீட்டர் பாறை வேண்டும். எடையில் அது 100 மடங்குக்கும் மேல். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவையே பட்டையில் பத்து லட்சத்துக்கு மேல் இருப்பதால், 400 மீட்டர் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. சூரியக் குடும்பத்தின் வயதுக்குள் அத்தகைய அடி பலமுறை விழுந்திருக்கும். மோதலில் சுழற்சியின் திசையில் தெறிக்கும் துகள்கள் எளிதில் தப்பிச்செல்வதால் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்று 1984-இல் டொப்ரவோல்ஸ்கிஸும் பர்ன்ஸும் சுட்டியதும் இதோடு சேரும்.

யார்ப் வேகத்தைக் குறைத்தது, மோதல் தடுமாற்றத்தைக் கொடுத்தது என்று இரண்டையும் இணைப்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது. யார்ப் மட்டும் செயல்பட்டால் அச்சு நேராக நிற்கும், தடுமாற்றத்துக்குத் தனிக் காரணம் தேட வேண்டிவரும். மோதல்கள் மட்டும் என்றால், கூட்டவும் குறைக்கவும் சம வாய்ப்புள்ள அடிகள் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுமையாக அழித்துக்கொண்டு சுழியத்துக்கு இவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்துவது நடக்கக்கூடியதே ஆயினும் மிக அரிது.

அங்கேயே நிற்பது எப்படி

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. யார்ப் சீராகக் குறைப்பது சுழற்சியின் வேகத்தை, காலத்தை அல்ல. 10 மணிக்கு ஒரு சுற்று என்ற நிலையிலிருந்து முற்றிலும் நிற்கும் நிலைக்கு வர 100 கோடி ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 10 மணியிலிருந்து 20 மணிக்கு வர 50 கோடி ஆண்டு, 20-இலிருந்து 100-க்கு 40 கோடி, 100-இலிருந்து 1,000-க்கு 9 கோடி, மிச்சம் 1 கோடி ஆண்டு மட்டுமே. பெரிய எண்களாகத் தோன்றும் பகுதி மிக விரைவாகக் கடந்துபோகும் பகுதி. அதன்பின் பொருள் நின்று, மறு திசையில் வேகம் பிடிக்கவேண்டும். எனவே 1,000 மணிக்கு மேல் உள்ள நிலையில் ஒரு சிறுகோளை நாம் காண்பது, அது வாசற்படியைக் கடக்கும் கணத்தில் பிடிப்பதாகும்.

கிளௌக்கே ஒன்று மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இன்று அப்படி விடமுடியாது. நிக்கலஸ் எராஸ்மஸ் தலைமையிலான குழு 2021-இல் அட்லஸ், ஸ்விக்கி ஆகிய வான்பரப்பு அளவாய்வுகளின் தரவிலிருந்து 39 மிக மந்தமான சிறுகோள்களின் காலங்களை வெளியிட்டது. அவற்றுள் 7 சிறுகோள்கள் 4,000 மணிக்கும் மேல், மிக நீண்டது 4,812 மணி. 2 முதல் 20 கிலோமீட்டர் வரையுள்ள பட்டைச் சிறுகோள்களில் குறைந்தது 0.4 சதவீதம் 1,000 மணிக்கு மேல் இருக்கும் என்றும், கல்வகையா கரிவகையா என்பதோடு இதற்குத் தொடர்பில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். கிளௌக்கேவின் பழைய சாதனை இன்று நிலைக்கவில்லை. கையா தரவோ, மந்தமானவை ஒரு தனிக் கூட்டமாகக் குவிந்திருப்பதையும், அவற்றுக்கும் வேகமானவற்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதையும் காட்டியது.

சோ வென்-ஹான் குழுவினர் 2025-இல் தந்த விளக்கம் இந்த இடைவெளியைத் தடுமாற்றத்தோடு இணைக்கிறது. மந்தமாகிவிட்ட பொருளைச் சிறிய மோதலே தடுமாறச் செய்கிறது. தடுமாறும் பொருளின் மேல் சூரிய ஒளியின் திருப்பம் ஒரு திசையில் நிலைக்காமல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆகவே அது வேகம் கூடவும் முடியாமல் முற்றிலும் நிற்கவும் முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. உள் உராய்வு தடுமாற்றத்தை அடக்கினால்தான் விடுதலை. அவர்களுடைய கோட்பாட்டு மாதிரி தரவோடு பொருந்த, சிறுகோளின் உட்பகுதி ஒற்றைப் பாறைக்குக் கருதிய அளவைவிட நூறு மடங்கு எளிதில் ஆற்றலை இழக்கவேண்டும் என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது இவை துளைகள் நிறைந்த கற்குவியல்களாகவோ தடித்த தூள்படலம் போர்த்தியவையாகவோ இருக்கலாம். இந்த மதிப்பைக் கிளௌக்கேவுக்குப் பொருத்திப் பார்த்தால், 30,000 கோடி ஆண்டு என்ற முந்தைய எண் 300 கோடி ஆண்டாகக் குறைகிறது. அப்போதும் தடுமாற்றம் அடங்குவதற்குள் அடுத்த 400 மீட்டர் பாறை வந்துவிடும். 32 கிலோமீட்டர் என்பது அந்தக் கோட்பாட்டு மாதிரி முதன்மையாக விளக்கும் சிறுகோள்களைவிடப் பெரியது என்பதால், இந்தக் கணக்கை அளவின் வரிசையாக மட்டுமே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இதைச் சோதிக்கத் தேவையானது கிளௌக்கேவின் இரண்டு காலங்களும் தனித்தனியே தெரிவது. அதற்கு எதிர்நிலையைச் சுற்றிய நான்கைந்து மாதம் முழுவதும், வெவ்வேறு நெடுங்கோட்டில் உள்ள பல இடங்களிலிருந்து, ஒரே அளவுகோலில் இரவுக்குச் சில அளவீடுகள் வேண்டும். எதிர்நிலை 15 மாதத்துக்கு ஒருமுறை வருவதாலும் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று சுற்றுகளே கிடைப்பதாலும் ஒரு பருவம் போதாது. சிலியில் இயங்கத் தொடங்கியிருக்கும் ரூபின் வானாய்வகம் லட்சக்கணக்கான மங்கலான சிறுகோள்களை அளக்கப்போகிறது. ஆனால் 12-க்கும் 14-க்கும் இடைப்பட்ட பொலிவெண்ணுள்ள கிளௌக்கே அதன் ஒளிக்கருவிக்கு மிதமிஞ்சிய வெளிச்சம், பதிவே நிரம்பி வழிந்துவிடும். 30 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் ஒரு சிசிடி ஒளிக்கருவியும் வைத்திருக்கும் ஆர்வலர்களுக்கு அந்தத் தடை இல்லை. இரவுக்கு அரைமணி நேர அளவீடு போதுமானது.